வலப்பக்கம் போன உறுமல்

சர்க்கரை டப்பா காணாமல் போனதிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். விஷயம் அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். மாடியில் குடியிருக்கும் எனக்கு அதிலிருந்துதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ்வீட்டுத் தையலக்கா டீக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுச் சர்க்கரையைத் தேடினார். சர்க்கரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு அலமாரியில் உட்கார்ந்திருந்தது. டப்பாவைக் காணோம்.

"டேய், என் எவர்சில்வர் டப்பா எங்கடா?"

வாசலில் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த அவருடைய தம்பி, தலையை வெளியே எடுக்காமலே பதில் சொன்னான். "பத்திரமா இருக்குக்கா. மாமா வண்டிக்கு மூக்கு வைக்கிறேன்ல, அதுக்கு அளவு கச்சிதமா இருந்துச்சு."

"வண்டிக்கு மூக்கு வைக்க என் வீட்டுச் சாமான்தான் கெடைச்சுதா?"

"கடையில வாங்குனா அதுக்குப் பேரு பார்ட்ஸு. வீட்டுல எடுத்தா அதுக்குப் பேரு மூளை."

"அந்த மூளைய வச்சு இன்னிக்கு டீய நக்கிக்கோ."

தம்பிக்குச் சைலன்சர் என்று பெயர். வண்டிகளுக்குச் சைலன்சர் வெல்டிங் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறான். தூக்கத்தில்கூடப் பேச்சை நிறுத்தாதவன் என்பதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. அக்காவின் வீட்டுக்காரர் டாக்சி டிரைவர். அவர் ஓட்டும் பழைய கார்தான் அந்த வீட்டின் பெரிய சம்பாத்தியம். அக்காவின் தையல் மிஷின் சின்ன சம்பாத்தியம். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி.

கோடைக்கு அந்த வண்டி ஆகாது. நான்கு பேர் ஏறி ஏசியும் போட்டால் மேம்பாலத்தில் திணறும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். டிரைவர் ஒருநாள் சலிப்பாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் சைலன்சர் வேலையில் இறங்கினான்.

"மாமா, உங்க வண்டி எஞ்சினுக்குப் பக்கத்துல இருக்கிற காத்தத்தான் இழுக்குது. அது வெந்த காத்து. வெந்த காத்துல சத்து கெடையாது."

"காத்துல என்னடா சத்து? மாப்ள, நீ பேசுற பேச்சுல கொஞ்சம் கேன்ல புடிச்சு வச்சா நான் பெட்ரோலே போட வேணாம்."

"கேளுங்க மாமா. வெயில்ல பஸ் ஸ்டாப்புல ஆளுங்க எப்படி நிப்பாங்க? தள்ளித் தள்ளி நிப்பாங்க. குளிர்ல? ஒட்டி ஒட்டி நிப்பாங்க. காத்தும் அப்படித்தான். குளிர்ந்த காத்தா இருந்தா ஒரே மூச்சுல நெறைய பேர் உள்ள போவாங்க. எஞ்சினுக்குத் தெம்பு வரும்."

இந்த உதாரணம் சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. மாலை வகுப்பில் கணக்குப்பதிவியல்தான் படிக்கிறேன். ஆனால் அவன் சொன்னபோது நம்பத் தோன்றியது.

வேலையை நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மாடிப்படிக் கைப்பிடி செய்து மீந்த எவர்சில்வர் குழாயில் ஒரு துண்டு. அதை எஞ்சின் வாயோடு சேர்க்க, லாரி ரேடியேட்டரிலிருந்து கழற்றிய ரப்பர் வளைவு. இரண்டு பக்கமும் இறுக்கும் கிளிப். குழாயின் மறுமுனை எஞ்சினின் சூட்டை விட்டு விலகி, முன் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பொந்துக்குள் இறங்கியது. அங்கேதான் வெளிக்காற்று அடிக்கும். அந்த முனையில் சர்க்கரை டப்பாவைப் பற்றவைத்திருந்தான். டப்பாவைச் சுற்றிலும் துளைகள், உள்ளே ஸ்பான்ஜ் வடிகட்டி.

"இதுக்கு மேல ஒரு சட்டை தச்சுக் குடுக்கா. பெரிய தூசிய வெளியவே நிறுத்திரும். கழட்டித் துவைச்சு மாட்டிக்கலாம்."

"மனுசங்க துணியே மலை மாதிரி கெடக்கு. இதுல உன் டப்பாவுக்குச் சட்டை."

திட்டினாலும் தைத்துக் கொடுத்தார். ஜாக்கெட் லைனிங்குக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மெல்லிய கறுப்புத் துணி. வாய்ப்பக்கம் எலாஸ்டிக். அக்கா தைத்தால் டப்பாவின் சட்டைக்கும் தையல் கோணாது.

குழாய் மாட்டியதும் வண்டிக்குக் குரல் வந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் வெளியே வந்து, "என்ன, உள்ள புலி வளர்க்குறீங்களா?" என்றார். சைலன்சருக்குப் பெருமை தாங்கவில்லை. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "சத்தம் இவ்ளோ வேணுமா மாப்ள?" என்று இரண்டு தடவை கேட்டார். சவாரிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கவலைப்படுகிறார் என்றுதான் நினைத்தோம்.

அந்த உறுமல்தான் வினை.

எங்கள் வீட்டு வாசலில் இருந்து இடப்பக்கம் போனால் பெரிய சாலை, டாக்சி ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம். வலப்பக்கம் போனால் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு, அதைத் தாண்டினால் கல் அறுக்கும் பட்டறைகள், அதோடு சாலை முடிந்துவிடும். முன்பு வண்டி கிளம்பியதும் தெருச் சத்தத்தில் கரைந்துவிடும். இப்போது அக்கா மிஷினில் உட்கார்ந்தபடியே அது போகும் திசையைக் கேட்டார்.

ஒருநாள் நான் காலை ஷிப்ட் முடித்துத் திரும்பியபோது என்னைக் கூப்பிட்டார். தைக்கும்போது அவர் உதடுகளுக்கிடையில் குண்டூசிகள் இருக்கும். அவற்றை எடுக்காமலே பேசுவார்.

"மாடிப்பொண்ணு, நீ படிச்சவ. சொல்லு. ஸ்டேஷனுக்குப் போற வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?"

"இடப்பக்கம்க்கா."

"இன்னிக்கு வலப்பக்கம் போச்சு. நேத்தும். ராத்திரி சாப்பிடும்போது கேக்குறேன், இன்னிக்கு என்ன சவாரின்னு. ஸ்டேஷனுக்கு ரெண்டு நடைங்குறாரு. கண்ணு தட்டுலயே இருக்கு."

"அந்தப் பக்கமும் சவாரி இருக்கலாமேக்கா. புது ஃபிளாட்டு வந்திருக்கே."

சொன்ன பிறகுதான் அது தப்பான ஆறுதல் என்று புரிந்தது.

"ஃபிளாட்டுதான். அங்கதான அந்த பியூட்டி பார்லர்காரி குடி வந்திருக்கா? மாசம் மூணு ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு இருந்தா. இப்ப ஆளையே காணோம்." அக்கா ஓர் ஊசியை உதட்டிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினார். "மடியில கனமில்லாதவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

அதன்பிறகு எல்லாமே சாட்சியாகிவிட்டது. எனக்கும்கூட. மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளியில் விடுவது டிரைவரின் வழக்கம். அதை நிறுத்திவிட்டார். "டிராஃபிக் ஜாஸ்தி, பஸ்ல போகட்டும்" என்றார். மகள் அழுதாள்.

"பிள்ளைய ஏத்தலைன்னா, அந்த நேரத்துக்கு வேற யாரோ ஏறுறாங்கன்னுதான அர்த்தம்?" என்றார் அக்கா.

இன்னொரு நாள் டிரைவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. அது அவருக்கே தெரியவில்லை என்பதுபோல நேரே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"ஒரு செருப்ப எந்த வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்தீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளிறிப்போனது. "வண்டியிலயே இருக்கும்."

"ரெண்டு காலோட போயிட்டு ஒரு செருப்போட வர்ற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்."

செருப்பு வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவில் கிடந்தது. நான்தான் எடுத்து வைத்தேன். கேட்டுக்கு உள்ளேயே கிடந்ததை அக்காவிடம் சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை.

அதே வாரம் அக்கா குளித்துவிட்டு வந்தபோது டிரைவர் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருந்தார். வலது காலை மிதியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். துணியில்லாமல் ஊசி கடகடவென்று ஓடி முறிந்தது.

"மிஷின்ல என்ன விளையாட்டு? அடுத்த வேளைச் சோத்துக்கு இருக்கிற இதையும் ஒடைக்கவா பாக்குறீங்க?"

"சும்மா பாத்தேன்."

"இந்த வீட்டுல யாரும் எதையும் சும்மா பாக்குறதில்ல" என்றார் அக்கா.

பெட்ரோல் விஷயம் அதற்குப் பிறகு வந்தது. முன்பு ஒருமுறை டேங்க்கை நிரப்பினால் வாரம் ஓடும். இப்போது பாதி வாரத்திலேயே முள் கீழே படுத்துவிடுகிறது. ஆனால் சவாரி குறைவு என்கிறார். அக்கா கேட்டபோது டிரைவர் தயங்காமல் பழியைத் தூக்கி மைத்துனன் தலையில் போட்டார்.

"எல்லாம் உன் தம்பி மாட்டுன குழாய் பண்ற வேலை. பெட்ரோலத் தண்ணியாக் குடிக்குது."

சைலன்சருக்கு அன்றுதான் உண்மையிலேயே பேச்சு நின்றது. கொஞ்ச நேரம்தான்.

"மாமா, என்னத் திட்டுங்க, எங்க பரம்பரையத் திட்டுங்க. குழாயச் சொல்லாதீங்க. எங்கயாச்சும் காத்து கசிஞ்சா ஒத்துக்குறேன். கழட்டிப் பாக்குறேன், சாவியக் குடுங்க."

"வேணாம்."

"அஞ்சு நிமிஷ வேலை."

"தொடாதேங்குறேன்ல!"

இவ்வளவு கோபத்துக்கு அந்த வேலையில் ஒன்றுமில்லை. அக்கா தம்பியைப் பார்த்தார், தம்பி என்னைப் பார்த்தான்.

மறுஞாயிறு மத்தியானம் டிரைவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். அக்கா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துவந்து தம்பி கையில் வைத்தார். வெயிலில் காரின் தகரம் கொதித்தது. சைலன்சர் பானெட்டைத் திறந்து கிளிப்பைத் தளர்த்தினான். பிறகு அட்டையைத் தரையில் விரித்துப் படுத்து, சக்கரத்துக்கு முன்னால் கையை விட்டு டப்பாவைக் குழாயோடு வெளியே இழுத்தான்.

அக்கா தைத்தது கறுப்பு உறை. வெளியே வந்தது வெள்ளை.

அழுக்கு வெள்ளைகூட இல்லை. முகப்பவுடரைக் கொட்டியதுபோல இருந்தது. சைலன்சர் அதை விரலில் தொட்டுத் தேய்த்தான். நாக்கு நுனியிலும் வைத்துத் துப்பினான்.

"அக்கா, இது ரோட்டுத் தூசி இல்ல. ரோட்டுத் தூசின்னா கருப்பாப் பிசுபிசுன்னு இருக்கும். இது கல்லு. கல் அறுக்கிற தூசி."

"அந்தப் பக்கமாப் போய்ட்டு வந்தா ஒட்டாதா?"

"போய்ட்டு வந்தா லேசாத்தான் ஒட்டும், மறுபடி ரோட்டுத் தூசி வந்து மேல மூடிரும். இது சுத்திலும் கெட்டியா ஒரே மாதிரி அப்பியிருக்கு. ஒரே எடத்துல வண்டிய நிறுத்தி, எஞ்சின ஓட விட்டு, தெனமும் இழுத்திருக்கு. பெட்ரோல் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா? என் குழாய் யோக்கியன்க்கா."

"வண்டிய நிறுத்திட்டு எஞ்சின எதுக்கு ஓட விடணும்?"

"ஏசிக்குத்தான்."

"ஏசி எதுக்கு?"

அக்கா அந்த உறையை வாங்கி உதறாமல் மடித்து ஒரு பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை நான் வேலை முடித்து வந்ததும், "உனக்கு வகுப்புக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? என்கூட வா" என்றார். போயிருக்கக் கூடாது என்று பிறகு பலமுறை நினைத்தேன். போகாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வலப்பக்கம் நடந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அக்கா நின்று, நிழலில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நம்முடையது இல்லை. அதில் அவருக்கு நிம்மதி வந்ததா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. அதைத் தாண்டியதும் ரம்பச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மரம், சுவர், படுத்திருந்த நாய், எல்லாம் வெள்ளை. வேலை செய்கிறவர்கள் கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள்.

கடைசிப் பட்டறையின் மதிலோரம் கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்து மதிலுக்குப் பின்னால் இழுத்தார். அங்கிருந்து ஓட்டுநர் இருக்கை தெரிந்தது. பக்கத்து இருக்கை காலி. பின்னிருக்கையும் காலி.

டிரைவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு தோளை அசைத்தார், காலைத் தூக்கி வைப்பவர்போல. வண்டி உறுமியது. கண்ணைத் திறந்து கீழே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கண்ணை மூடினார். மறுபடி உறுமல். மூன்றாவது தடவை உறுமவில்லை. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். நான்காவது தடவை மறுபடி உறுமியது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கும்தான். அவர் விறுவிறுவென்று போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். நான் கதவருகே நின்றேன்.

"வண்டி சவாரிக்கு இல்லம்மா" என்றார் டிரைவர், திரும்பாமலே.

"அது தெரியுது."

அவர் திரும்பினார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னிருக்கையைத் தடவினார், இருக்கை இடுக்கில் விரலை விட்டார், கீழே குனிந்தார். எதுவும் கிடைக்கவில்லை.

"யாரு வருவா இங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

"பின்ன யாருக்காக ஏசியப் போட்டுக் காத்துக் கெடக்குறீங்க?"

டிரைவர் எஞ்சினை அணைத்தார். ரம்பச் சத்தம் உள்ளே நிறைந்தது.

"பாதம் மரத்துப் போச்சு. பிரேக்குல இருக்கா, ஆக்சிலேட்டர்ல இருக்கான்னு தெரிய மாட்டேங்குது. பாத்தாத்தான் தெரியும். கீழ பாத்தா ரோட்டப் பாக்க முடியல. ஒரு நாள் சைக்கிள்காரன் ஒருத்தன் குறுக்க வந்தான். பிரேக்குன்னு நெனச்சு மிதிச்சேன். வண்டி பாய்ஞ்சிருச்சு. ஹேண்ட்பிரேக்கப் புடிச்சு இழுத்தேன். அவன் பொழச்சான். அன்னிலருந்து பாப்பாவ ஏத்துறதில்ல. அப்புறம் யாரையும் ஏத்துறதில்ல. மொதல் கியர்லயே, ஹேண்ட்பிரேக்குல கைய வச்சுட்டு இங்க வந்துருவேன். பழக்கிட்டா சரியாயிரும்னு."

"கதை விடாதீங்க."

"கதையா?"

"செருப்பு காணோம், சவாரி காணோம், பெட்ரோல் காணோம். எல்லாத்துக்கும் இப்பக் காலு வந்து மாட்டிக்கிச்சா? நேத்து வரைக்கும் என் தம்பி குழாய் மாட்டுச்சு."

அக்கா இறங்கிச் சுற்றி வந்து முன்கதவைத் திறந்தார். "காலை வெளிய நீட்டுங்க. கண்ண மூடுங்க." தூசித் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் வலது பாதத்தைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்தார். எப்போதும்போல அக்காவின் தோள்பட்டைத் துணியில் இரண்டு குண்டூசிகள் செருகியிருந்தன. ஒன்றை உருவினார்.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். அக்கா பெருவிரலின் அடியில் குத்தினார். நான் முகத்தைச் சுளித்தேன். டிரைவர் சுளிக்கவில்லை. சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியது.

"குத்துறதுன்னா சீக்கிரம் குத்து. எனக்குப் பயமா இருக்கு" என்றார் டிரைவர்.

அக்கா பாதத்தின் நடுவில் குத்தினார். பிறகு குதிகாலில்.

"என்ன, மனசு வரலையா? கோவத்துலதான வந்த? குத்து."

"குத்தியாச்சுங்க" என்றார் அக்கா.

டிரைவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா உள்ளங்கையால் அந்தப் பொட்டுகளைத் துடைத்தார். கையில் ஒட்டியிருந்த கல்தூசி பாதத்தில் அப்பியது. அதையும் துடைத்தார். துடைக்கத் துடைக்க அப்பியது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா சாவிய வாங்கிடுவ."

"வாங்கத்தான் போறேன்."

கையை நீட்டினார். வெகுநேரம் நீட்டியபடியே இருந்தார்.

சைலன்சரைக் கூப்பிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தோம். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நிறுத்தியதும், டிரைவர்தான் பேசினார்: "மாப்ள, உன் குழாய் நல்லாத்தான் இழுக்குது."

"அதுக்கென்ன மாமா" என்றான் அவன்.

டாக்டர் சர்க்கரை என்றார். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார். மாத்திரை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமை டிரைவர் வரும் என்று எடுத்துக்கொண்டார், அக்கா வராது என்று எடுத்துக்கொண்டார். சர்க்கரைக்குப் புது டப்பா வாங்கவில்லை.

இப்போது காலையிலும் மாலையிலும் சைலன்சர்தான் வண்டி ஓட்டுகிறான். பட்டறையில் அரைநாள் கேட்டு வாங்கியிருக்கிறான். பிள்ளைகள் மறுபடி காரில் போகிறார்கள். கறுப்பு உறையை அக்கா துவைத்துக் கொடுத்துவிட்டார். தையலிடுக்கில் மட்டும் வெள்ளை போகவில்லை. வண்டி கிளம்பினால், உறுமல் இடப்பக்கம் திரும்புவதைக் கேட்ட பிறகுதான் மிஷினை மிதிக்கிறார். தம்பியாக இருந்தாலும்.

சாவி கேட்டு டிரைவர் சண்டை போட்டார், கெஞ்சினார், சாப்பிடாமல் படுத்தார். கடைசியில் அக்கா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் பரிசோதனை. குத்துவது அவருக்குத் தெரிந்துவிட்டால் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார்.

வகுப்பில்லாத ஒரு மாலையில் நான் அங்கே இருந்தேன். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதைச் சரியாக இறுக்கும்படி அவரே சொன்னார். அக்கா கீழே உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டார்.

"இப்ப?"

டிரைவர் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல இருந்தார். முகம் மலர்ந்தது.

"தெரியுது. லேசா, சுருக்குனு. பெருவிரல்தான?"

குண்டூசி அக்காவின் உதடுகளுக்கிடையில் இருந்தது. இன்னும் எடுக்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார்.

"ஆமா, பெருவிரல்தான்" என்றார் ஊசியைக் கடித்தபடி. "நாளைக்கும் பாப்போம்."